கரித்தூள் வரிசை கட்டும் ஊர்

குளிர்காலத்தில் நார்வேக்குப் போகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு 'ஷாக்' காத்திருக்கும். ஓட்டல் அறையில் கம்பளித் தொப்பியைக் கழற்றினால் தலைமுடி படபடவென்று பொரியும். கம்பளத்தின் மேல் நாலு எட்டு நடந்து கதவுப் பிடியைத் தொட்டால் விரல் நுனியில் சுளீர் என்று ஒரு பொறி. வெளியே பனி, உள்ளே ஹீட்டர். அறைக் காற்றில் ஈரமே இருக்காது. உடம்பில் ஏறிய மின்னூட்டம் கசிந்து வெளியேற வழியில்லாமல் தேங்கி நிற்கும். உலோகத்தைக் கண்டதும் ஒரே பாய்ச்சலாகப் பாயும். வருஷம் முழுக்க வியர்வையில் நனையும் சென்னைவாசிக்கு இது புது அனுபவம்.

அந்தச் சுளீரை மனிதத் தோல் உணர சுமார் 3,000 வோல்ட் தேவை. பாயும் மின்னூட்டம் மிகமிகக் குறைவு என்பதால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால், செல்போனுக்குள் இருக்கும் சிப் அவ்வளவு திடகாத்திரமான ஆசாமி இல்லை. நாம் உணரவே முடியாத சிறு பொறி போதும், அதற்குள் இருக்கும் மெல்லிய பாதைகள் கருகிவிடும். அதனால்தான் சிப் தயாரிக்கும் இடங்களில் தரை, மேசை, உறை, ஒட்டும் பசை எல்லாமே மின்னூட்டத்தை மெதுவாகக் கசியவிட்டு வெளியேற்றும் பொருட்களாக இருக்க வேண்டும் என்கிறார்கள்.

பிளாஸ்டிக்கோ பிறவியிலேயே மின்சாரத்துக்குக் கதவடைத்த சாதி. அதைக் கொஞ்சமாகக் கதவு திறக்க வைப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு அழகான ஒரு பதிலைக் கண்டுபிடித்த ஊர், ஓஸ்லோவிலிருந்து சுமார் 20 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது. பெயர் ஷெல்லர். எழுதும்போது 'கே'யில் ஆரம்பிப்பார்கள். சொல்லும்போது 'ஷெ' என்பதுபோல் ஒலிக்கும். 'கெல்லர்' என்று கேட்டால் ரயில் நிலையத்தில் ஒரு நொடி விழிப்பார்கள்.

சுரங்கம் தாண்டினால் மர நகரம்

ஓஸ்லோ மத்திய ரயில் நிலையத்தில் வேக ரயில் ஏறினால் பத்து, பன்னிரண்டு நிமிடத்தில் லில்லேஸ்ட்ரோம் வந்துவிடும். அந்தச் சில நிமிடங்களில் பெரும்பகுதி இருட்டு. காரணம், 14.6 கிலோ மீட்டர் நீளமுள்ள ரொமெரிக் சுரங்கம். 1999-ல் திறந்தார்கள். தோண்டும்போது மேலே காட்டிலிருந்த குளங்களின் நீர் கீழே கசிந்து வற்ற ஆரம்பித்து, நாடே கூச்சல் போட்ட கதை அதற்கு உண்டு.

சுரங்கத்தை விட்டு வெளியே வந்தால் சட்டென்று வானம் அகலமாகிவிடும். மலையும் கடலும்தான் நார்வே என்று நினைத்து வந்தவர்களுக்கு ஏமாற்றம். இது சமவெளி. களிமண் பூமி, தானிய வயல்கள், சோம்பலாக வளைந்தோடும் நிட்டெல்வா ஆறு. லில்லேஸ்ட்ரோம் மரம் அறுக்கும் ஆலைகளால் வளர்ந்த ஊர். இப்போது சைக்கிள்களுக்குப் பேர்போன ஊர். நிலையத்துக்கு வெளியே வரிசை வரிசையாக சைக்கிள்கள். அங்கிருந்து வடக்கே இரண்டு மூன்று கிலோ மீட்டர். பஸ்ஸில் போகலாம், சைக்கிள் பாதையில் மிதிக்கலாம், கால் வலிக்காதவர்கள் நடந்தே போகலாம்.

ஷெல்லரில் இறங்கினால் 'இதுதானா' என்று தோன்றும். கோட்டை இல்லை, கோபுரம் இல்லை. நீண்ட ஒரு விமான ஓடுபாதை, அதைச் சுற்றி வயல், வயலைத் தாண்டி வேலி போட்ட ஆய்வுக்கூடங்கள். ஆனால், இந்த வேலிகளுக்குள் நடந்தவற்றைக் கேட்டால் அந்த 'இதுதானா' மாறிவிடும்.

ஓடுபாதை, அணு உலை, ஒரு கம்பி

முதலில் ஓடுபாதை. 1912-லிருந்து இங்கே விமானம் பறக்கிறது. ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்து ஒன்பது வருஷம்கூட முழுதாக முடியாத காலம் அது. நார்வே ராணுவத்தின் முதல் விமானத்தளம் இதுதான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1943 நவம்பரில் அமெரிக்க விமானங்கள் வந்து குண்டு வீசின.

அடுத்தது அணு உலை. போர் முடிந்த கையோடு, 1948-ல், இங்கே அணுசக்தி ஆய்வு நிறுவனம் ஆரம்பித்தார்கள். தலைவர் குன்னர் ராண்டர்ஸ் என்ற இயற்பியலாளர். உலையைக் கட்டும் பொறுப்பு ஒட் டால் என்பவருக்கு. அவர் கதை தனி சினிமா. ஆமுண்ட்சனின் 'மௌட்' கப்பலில் துருவப் பயணத்துக்கு விமானியாகப் போனவர். பொறியியல் பட்டம் வாங்காமல் கையாலேயே கற்றுக்கொண்டு அணுத்துகள் முடுக்கிகளைச் செய்தவர்.

உலைக்கு இரண்டு பொருள் வேண்டும். கனநீர் நார்வேயிலேயே இருந்தது; ருக்கான் மலையடிவாரத் தொழிற்சாலையில் தயாரானது. போரின்போது ஹிட்லர் கைக்குப் போய்விடக்கூடாது என்று நார்வே வீரர்கள் பனிமலை ஏறி வெடி வைத்தார்களே, அதே தொழிற்சாலை. யுரேனியம் ஹாலந்திலிருந்து வந்தது. போருக்கு முன்பே வாங்கி, டெல்ஃப்ட் நகரில் ஜெர்மானியர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருந்த சரக்கு. ஒளித்துக் காத்த யுரேனியமும் தடுத்துக் காத்த கனநீரும் 1951-ல் ஷெல்லரில் சந்தித்தன. அணு உலை ஓட்டிய ஆறாவது நாடு என்ற பெயர், அன்று 35 லட்சம் பேர்கூட இல்லாத நார்வேக்குக் கிடைத்தது.

மூன்றாவது ஒரு கம்பி. பூமிக்கடியில் எந்த நாடாவது அணுகுண்டு சோதிக்கிறதா என்று நில அதிர்வைக் கேட்டுக் கண்டுபிடிக்கும் மையம் ஒன்று இங்கே இயங்கியது. அமெரிக்காவுக்கு அதன் தகவல்கள் போய்க்கொண்டிருந்தன. அந்த இணைப்பைப் பயன்படுத்தி 1973 ஜூனில் 'ஆர்பாநெட்' ஷெல்லருக்கு வந்தது. இன்றைய இன்டர்நெட்டின் தாத்தா அது. அமெரிக்கக் கண்டத்தை விட்டு அது கடல் தாண்டிய முதல் ஊர்களில் ஒன்று இந்த வயல்காட்டு ஊர். லண்டனுக்கே இங்கிருந்துதான் இணைப்பு போனது.

இந்த மூன்று கதைகளையும் நார்வேக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நான்காவது கதை கொஞ்சம் அடக்கமானது. அதன் நாயகன் ஒரு சிட்டிகை கரித்தூள்.

கடலைப் பொட்டலம் மாதிரி ஒரு கரி

1990-களில் 'க்வார்னர்' என்ற நார்வே பொறியியல் நிறுவனத்துக்கு ஒரு கனவு இருந்தது. எண்ணெயையும் எரிவாயுவையும் எரித்தால்தானே புகை, கரியமில வாயு எல்லாம்? எரிக்காமல் பிளந்துவிட்டால்? 'பிளாஸ்மா' என்னும் கடும் வெப்பச் சுடரில் எண்ணெயைச் செலுத்தினால் அது ஹைட்ரஜனாகவும் கரியாகவும் பிரிந்துவிடும். ஹைட்ரஜன் சுத்தமான எரிபொருள். கரியை டயர் கம்பெனிக்கு விற்கலாம். எண்ணெய் விற்றுப் பிழைக்கும் நாட்டுக்கு அது பாவ விமோசனம் மாதிரி ஒரு யோசனை.

அந்தக் கனவு நினைத்த அளவுக்குப் பெரிய தொழிலாக வளரவில்லை. ஆனால், கரியை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. வழக்கமான உருண்டைப் புகைக்கரிக்கு நடுவே, தட்டையான வட்டத் தகடுகளும் கச்சிதமான கூம்புகளும் இருந்தன. 1997-ல் 'நேச்சர்' ஆய்விதழில் இதைப் பற்றிய கட்டுரை வந்தது.

கூம்பின் வேடிக்கையைப் புரிந்துகொள்ளக் கடற்கரைச் சுண்டல்காரர் போதும். வட்டமாக வெட்டிய காகிதத்தில் ஒரு துண்டு எடுத்துவிட்டு ஓரங்களைச் சேர்த்தால் பொட்டலம் கிடைக்கும். பெரிய துண்டாக எடுத்தால் ஒல்லிப் பொட்டலம், சின்னத் துண்டாக எடுத்தால் அகலப் பொட்டலம். காகிதத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டலாம். கரியில் முடியாது. கரி அணுக்கள் தேன்கூடு மாதிரி அறுகோணம் அறுகோணமாகக் கோத்து நிற்பவை. அங்கே ஓர் அறுகோணம் ஐங்கோணமாக மாறினால் சரியாக 60 டிகிரித் துண்டு குறையும். அதற்குக் குறைந்து வெட்ட வழியே இல்லை.

ஆக ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து ஐங்கோணங்களுக்கு ஐந்தே வகைக் கூம்புகள். நுனிக் கோணங்கள் சுமார் 113, 84, 60, 39, 19 டிகிரி. ஐங்கோணமே இல்லாவிட்டால் தட்டையான தகடு. கணக்கு சொன்ன அத்தனை வகையும் அந்தக் கரியில் இருந்தன. கணக்குக்கு வெளியே ஒன்றும் இல்லை. சுமார் எழுபது சதவீதம் தகடுகள், இருபது சதவீதம் கூம்புகள், மிச்சம் சாதாரணக் கரி. ஒவ்வொன்றின் அளவும் ஒரு மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. கனம் இன்னும் பல மடங்கு குறைவு.

பார்க்க அழகு, கணக்குக்குக் கட்டுப்பட்ட அழகு. ஆனால், என்ன பிரயோஜனம்? இந்தக் கேள்வியோடு கரி ஷெல்லருக்கு வந்தது.

ஓடைக்குள் எறிந்த கற்கள்

பழைய அணுசக்தி நிறுவனம் 1980-லேயே 'ஆற்றல் தொழில்நுட்ப நிறுவனம்' என்று பெயரை மாற்றிக்கொண்டிருந்தது. அங்கே ஆர்னே ஷெல்தோர்ப், கெய்ர் ஹெல்கெசன் போன்ற இயற்பியலாளர்கள் திரவத்தில் மிதக்கும் நுண்துகள்களைக் காந்தப் புலத்தாலும் மின்புலத்தாலும் ஆட்டி வைப்பதில் கைதேர்ந்தவர்கள். ஃபின்லாந்துக்காரரான மட்டி க்னாபிலாவும் சேர்ந்துகொண்டார்.

கரித்தூளைப் பசையில் கலந்தால் பசை மின்சாரம் கடத்தும் என்பது பழைய சங்கதி. சிக்கல் அளவில்தான் இருக்கிறது. ஓர் ஓடையைத் தாண்டக் கண்ணை மூடிக்கொண்டு கற்களை எறிவதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கல், இருபது கல் எறிந்தால் ஆங்காங்கே திட்டுத் திட்டாக விழும், தாண்ட முடியாது. எறிந்துகொண்டே இருந்தால் ஏதோ ஒரு கல்லில் திடீரென்று இக்கரை முதல் அக்கரை வரை பாதை கூடிவிடும். மின்சாரத்துக்கும் அதே கதை. அந்தக் கடைசிக் கல் அளவு வரும்வரை பசை கடத்தாது.

ஷெல்லர் பசையில் அந்த அளவு, கன அளவில் சுமார் 2 சதவீதம். கேட்கக் குறைவுதான். ஆனால், நுண்துகள்கள் சேரச் சேரப் பசை கெட்டித்துக்கொண்டே போகும், கறுத்துப்போகும், ஒட்டும் குணமும் மாறும். விலை உயர்ந்த துகளாக இருந்தால் செலவு வேறு. எறிந்த கற்களில் பெரும்பாலானவை பாதைக்கே வராமல் வீணாகக் கிடப்பவை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

கண்ணைத் திறந்து கற்களை ஒரே கோட்டில் வைத்தால்? பத்துக் கல் போதுமே! மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள கல்லை யார் கையால் எடுத்து வைப்பது? அந்தக் கைதான் மின்புலம்.

சுவிட்சைப் போட்டதும்

'அரால்டைட்' மாதிரி இரண்டு டியூப் பசை, கலந்தால் இறுகும். அதில் ஆயிரத்தில் இரண்டு பங்கு, அதாவது 0.2 சதவீதம் கரிக்கூம்புத் தூள். பாதை கூடத் தேவையான அளவில் பத்தில் ஒன்று. இந்தக் கலவையை இரண்டு மின்முனைகளுக்கு நடுவே வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், கோலப்பொடி டப்பா கவிழ்ந்த வாசல் மாதிரி கறுப்புப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும்.

சுவிட்சைப் போட்டால் காட்சி மாறுகிறது. மின்புலம் பட்டதும் ஒவ்வொரு கரித்துகளுக்குள்ளும் இருக்கும் எலெக்ட்ரான்கள் ஒரு பக்கமாக ஒதுங்குகின்றன. துகளின் ஒரு முனை நேர், மறுமுனை எதிர் ஆகிவிடுகிறது. பக்கத்துத் துகளுக்கும் அதே கதி. இதன் நேர்முனை அதன் எதிர்முனையை இழுக்கிறது. இரண்டும் நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன. மூன்றாவது வந்து வாலைப் பிடித்துக்கொள்கிறது. குழந்தைகள் சட்டையைப் பிடித்துக்கொண்டு ரயில் விடுவதுபோல், நிமிடங்கள் செல்லச் செல்ல இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மெல்லிய கறுப்புக் கம்பிகள் வளர்கின்றன. புள்ளிகளாகக் கிடந்தது கோடாகிவிடுகிறது.

இதற்கு வீட்டில் வருவதுபோல் மாறிமாறிப் பாயும் மின்சாரம்தான் சரி. ஒரே திசையில் பாயும் பேட்டரி மின்சாரம் கொடுத்தால், துகளில் கொஞ்சம் மின்னூட்டம் இருந்தாலும் மொத்தமும் ஒரு முனைக்கு ஓடிப்போய் அப்பிக்கொள்ளும். நொடிக்குப் பல நூறு தடவை திசை மாறினால் எந்தப் பக்கமும் ஓட நேரமில்லை. ஆனால், நேர்முனையும் எதிர்முனையும் சேர்ந்தே மாறுவதால் துகள்களுக்கு இடையிலான ஈர்ப்பு மட்டும் நிற்காது.

கம்பிகள் அமைந்த பிறகு பசை இறுகுகிறது. சுவிட்சை அணைத்தாலும் அவை கலைவதில்லை. பனிக்கட்டியில் உறைந்த நாணல் மாதிரி அப்படியே நிற்கின்றன. 2011-ல் வெளியான முடிவு இது: கம்பிகளின் திசையில் கடத்தும் திறன் குறைந்தது 100 முதல் 1,000 மடங்கு கூடியது. சேர்த்த கரியோ பத்தில் ஒரு பங்கு. இறுகும் முன் கம்பிகள் கலைந்துபோனாலும் கவலையில்லை. மறுபடி மின்புலத்தைக் கொஞ்ச நேரம் காட்டினால் மறுபடி வரிசை கட்டிக்கொள்கின்றன.

செப்புக் கம்பியோடு இதை ஒப்பிடக்கூடாது. செம்பு இதைவிட ஆயிரக்கணக்கான கோடி மடங்கு நன்றாகக் கடத்தும். இந்தப் பசையை வைத்து வீட்டுக்கு ஒயரிங் பண்ண முடியாது. ஆனால், தேங்கும் மின்னூட்டத்தைப் பொறி பறக்காமல் மெதுவாகக் கசியவிட இந்த அளவு கதவு திறந்தால் போதும். ஓட்டல் கதவுப் பிடியில் ஆரம்பித்த கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

துகள்களை மின்புலத்தால் வரிசைப்படுத்தும் எண்ணம் ஷெல்லரில் பிறந்தது அல்ல. 1940-களிலேயே வின்ஸ்லோ என்ற அமெரிக்கர் எண்ணெயில் மிதக்கும் தூள்கள் மின்புலத்தில் சங்கிலி கோப்பதைக் கண்டுவிட்டார். கார்பன் நானோ குழாய்களை இதே முறையில் எப்பாக்ஸி பிசினுக்குள் வரிசைப்படுத்திய வேலை 2005 வாக்கில் ஹாம்பர்க்கிலும் கேம்பிரிட்ஜிலும் நடந்தது. அமெரிக்காவின் நாசா ஆய்வகமும் செய்து பார்த்தது. ஷெல்லர்க்காரர்கள் செய்தது, வேறு ஒரு கனவில் மிஞ்சிய கரியை எடுத்து, கடையில் கிடைக்கும் பசையில் போட்டு, உடனே பயன்படும் பொருளாகக் காட்டியது.

இழுத்தால் சொல்லும் கம்பி

அதே 2011-ல் இன்னொரு கட்டுரையும் வந்தது. இரண்டு மின்முனைகளுக்கு நடுவே ஒற்றைக் கரிக்கம்பியை மட்டும் வளரவிட்டு, பிளாஸ்டிக்கை இறுகவைத்து, பிறகு இழுத்துப் பார்த்தார்கள். இழுக்கும்போது துகள்களுக்கு இடையிலான நெருக்கம் மாறுகிறது, மின்தடையும் மாறுகிறது. அளந்தால் எவ்வளவு இழுபட்டது என்று தெரிந்துவிடும். ஒரு பொருள் எங்கே எவ்வளவு வளைகிறது, திணறுகிறது என்று அதன் வயிற்றுக்குள்ளிருந்தே சொல்லும் நரம்பு மாதிரி.

இன்னொரு லாபம், கம்பிகள் ஒரே திசையில் நிற்பது. மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலத்தில் கம்பிகளை மேலிருந்து கீழாக நிறுத்திவிட்டால், மின்சாரம் மேலிருந்து கீழே போகும்; பக்கவாட்டில் போகாது. செல்போன் திரையின் ஓரத்தில் தலைமுடி அகலத்துக்கு ஒரு இணைப்பு என்று நெருக்கமாகப் பல இணைப்புகள் இருக்கும். ஒன்றோடொன்று கலந்து 'ஷார்ட்' ஆகாமல் அத்தனையையும் ஒரே படலத்தால் ஒட்டிவிடலாம். சிப்பின் சூட்டை வெளியே கடத்தும் படலம், இதயத் துடிப்பைப் பதியத் தோலில் ஒட்டும் மின்முனை என்று நீளும் பட்டியலுக்கும் அடிப்படை இதே சூத்திரம்தான்.

ஏன் எல்லாமே படலம்? காரணம் எளிய கணக்கு. சென்டி மீட்டருக்கு 1,000 வோல்ட் என்ற வலிமையில் மின்புலம் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், பத்து சென்டி மீட்டர் கனமுள்ள கட்டிக்கு 10,000 வோல்ட் கொடுக்க வேண்டும். ஒரு மில்லி மீட்டருக்கு 100 வோல்ட். அதிலும் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள படலத்துக்கு வெறும் 10 வோல்ட். டார்ச் லைட் பேட்டரிகள் ஏழு போதும். பொருள் மெலிய மெலிய வேலை சுலபமாகிறது.

இந்த வழியில்தான் 'கான்ட்அலைன்' என்ற சிறிய நிறுவனம் ஷெல்லர் ஆய்வகத்திலிருந்து பிறந்தது. கரி மட்டுமல்லாமல் வேறு கடத்தும் துகள்களையும் மின்புலத்தால் நிறுத்திவைத்துப் படலம் செய்வது அதன் தொழில். ஆய்வகத்தில் ஒரு சொட்டில் நடந்ததைத் தொழிற்சாலையில் சுருள் சுருளாக ஓட்டுவது லேசான காரியமில்லை. படலம் ஓடிக்கொண்டிருக்கும்போதே துகள்கள் வரிசை கட்ட வேண்டும். கட்டிய கையோடு அது இறுக வேண்டும். முதல் மீட்டரும் கடைசி மீட்டரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். உலகம் முழுக்க இந்தத் துறையில் இருப்பவர்கள் மல்லுக்கட்டுவது இந்த இடத்தில்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம்

ஷெல்லர் இப்போது ஒரு திருப்பத்தில் நிற்கிறது. 1960-களில் கட்டிய இன்னொரு அணு உலை 2018 இறுதியில் நின்றது. 2019-ல் நிரந்தரமாக மூடுவதென்று முடிவானது. அதைப் பிரித்து, கதிர்வீச்சுக் கழிவைப் பத்திரப்படுத்தி, நிலத்தைச் சுத்தமாக்கப் பல ஆண்டுகள் ஆகும். விமானத்தளத்திலிருந்து ராணுவத்தை விலக்கும் முடிவுக்குப் பிறகு, ஓடுபாதை நிலத்தில் வீடு கட்டுவதா, நூற்றாண்டு கடந்த பறக்கும் களத்தைக் காப்பாற்றுவதா என்று ஊரே இரண்டு பட்டு வாதாடுகிறது. பழைய விமானங்களைப் பேணிப் பறக்கவிடும் ஆர்வலர்கள் ஒரு பக்கம். ஓஸ்லோவுக்குப் பத்து நிமிடத்தில் போய்விடும் இடத்தில் வீடு தேடும் குடும்பங்கள் மறுபக்கம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

உலையால் பேர் வாங்கிய ஊர் உலையை மூடிய பிறகு எதைச் சொல்லி நிற்கும்? பதில் இன்னும் எழுதப்படவில்லை. பெரிய உலைகளும் பெரிய ஓடுபாதைகளும் விடைபெறும் நேரத்தில், கண்ணுக்குத் தெரியாத கம்பிகளை வளர்க்கும் சின்ன வேலைகள்தான் அந்த வேலிகளுக்குள் விளக்கை எரியவைத்துக்கொண்டிருக்கின்றன.

சுற்றுலாப் பயணி ஆய்வகத்துக்குள் போக முடியாது. வெளியே சாலையில் நடக்கலாம், ஓடுபாதையை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். கோடையில் போனால் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். வயல்கள் பச்சையும் மஞ்சளுமாக விரிந்திருக்கும். டிசம்பரில் மூன்றேகால் மணி வாக்கில் சூரியன் போய்விடும். கையுறை, குல்லாய் இல்லாமல் கிளம்பக்கூடாது. சாப்பாட்டுக்கு லில்லேஸ்ட்ரோம் திரும்பிவிடுவது நல்லது.

நேரம் இருக்கிறவர்கள் லில்லேஸ்ட்ரோமில் ரயில் மாறி ஃபெட்சுண்ட் வரை போய்வர வேண்டும். குளோமா ஆறு ஏரியில் கலக்கும் இடத்துக்கு அருகே, ரயில் பாலத்துக்குப் பக்கத்தில், மரக்கட்டைகளைப் பிரித்தெடுத்த பழைய துறை ஒன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. 1861 முதல் 1985 வரை இயங்கியது. மேலே காடுகளில் வெட்டி ஆற்றில் தள்ளிய கட்டைகள் குறுக்கும் நெடுக்குமாக முட்டி மோதிக்கொண்டு இங்கே வந்து சேரும். மிதவைகளின் மேல் நின்ற ஆட்கள் நீண்ட கொக்கிக் கழிகளால் ஒவ்வொரு கட்டையாகத் தள்ளித் திருப்பி, வெட்டியிருக்கும் குறியைப் பார்த்து உரியவருடைய வரிசையில் சேர்த்து, கட்டுக் கட்டாக ஆலைக்கு அனுப்புவார்கள்.

இன்று ஆற்றில் கட்டைகள் வருவதில்லை. மிதவைப் பாதைகள் மட்டும் தண்ணீரில் அசைந்துகொண்டிருக்கின்றன. சாயங்கால ரயில் பாலத்தைத் தாண்டும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த மிதவைகள் ஆற்றின் மேல் இழுத்த நீளமான கோடுகளாகத் தெரியும். அடுத்த சில நிமிடங்களில் லில்லேஸ்ட்ரோம் வந்துவிடும். இறங்கும்போது கதவுப் பிடியை மட்டும் கொஞ்சம் பார்த்துத் தொட வேண்டும்.